கரையில் உள்ள மரம், புல்லை அழித்தால் நெளிந்து ஓடும் ஆறு ஏன் நிலைகுலைகிறது?

வளைவில் தண்ணீர் வெளிக்கரையை முட்டி அரிக்கும். உள்கரையில் வண்டல் படிந்து மணல் திட்டு வளரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்தால்தான் ஆறு அகலம் மாறாமல் நெளிந்தபடியே மெல்ல நகரும்.

வெளிக்கரையில் மண்ணைக் கட்டிப்பிடிப்பது வேர். வெள்ளம் வடிந்ததும் கிட்டப் போய்ப் பாருங்கள்: அடியில் மணல் குடைந்து போயிருக்கும், மேலே வேரோடிய மண் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் அது புல்லோடு பெயர்ந்து கரையின் காலடியில் விழும். விழுந்த கட்டியும் கொஞ்ச நாள் அரிப்பைத் தாங்கும். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில், மரங்கள் அடர்ந்த கரையைவிட விவசாய நிலக் கரை 80 முதல் 150 சதவீதம் அதிகமாக அரிபடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உள்கரைச் செடிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அவையும் அதே அளவு முக்கியம். திட்டில் முளைக்கும் செடி தண்ணீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் பிடித்துவைக்கும். அது இல்லாவிட்டால் வெள்ளம் திட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாயும். ஆறு பல கிளைகளாகச் சிதறும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், செயற்கை வாய்க்காலில் குதிரைமசால் விதைகளை முளைக்கவைத்துத்தான் ஒரு குட்டி ஆற்றை நெளிந்து ஓட வைத்தார்கள். ஆமாம், மாட்டுக்குப் போடும் அதே தீவனப் பயிர்தான்!

அப்புறம் ஒன்று: கரை மிக உயரமாக இருந்து, வேர் அடிவரை எட்டாவிட்டால், மேலே எத்தனை மரம் நின்றாலும் அடி அரிப்பு நிற்காது.