பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவது குறித்து

வணக்கம். காட்பாடியில் தாங்கள் புதுப்பித்துவரும் மோரிஸ் மைனர் காருக்குப் பெயின்ட் அடித்து, வயரிங் முழுவதையும் மாற்றிய பிறகு, பின்விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தால் அது மங்கிவிடுகிறது என்றும், சுவிட்சை மாற்றும்படி எலக்ட்ரீஷியன் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். சுவிட்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்; எர்த்தைப் பாருங்கள், அதாவது மின்சாரம் வண்டியின் தகடு வழியே பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பை.

அந்த பல்பில் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் தனித்தனி இழைகள் இருந்தாலும், மின்சாரம் திரும்பும் வழி ஒன்றுதான். விளக்குக் கூடு அமரும் இடத்தில் புதிய பெயின்ட் அவ்வழியை அடைத்துவிட்டால், பின்விளக்கின் மின்சாரம் பிரேக் இழை வழியாகச் சுற்றித் திரும்பும்; பிரேக்கை மிதித்ததும் இரண்டு இழைகளின் மறுமுனைகளிலும் ஒரே மின்னழுத்தம் நின்று, எதிலும் போதிய மின்சாரம் ஓடாது. கூட்டிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தற்காலிகமாக ஒரு வயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால், திருகு அமரும் இடத்தைத் தகடு தெரியச் சுரண்டி, கூட்டிலிருந்து சேசிஸுக்கு (வண்டியின் உலோக உடலுக்கு) கறுப்பு வயர் ஒன்றையும் நிரந்தரமாக இழுத்துவிடலாம். இடையில் யாரும் மாற்றியிராவிட்டால் இவ்வண்டியில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை என்பதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரையே போட்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. இவ்வண்டிக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிற முறையில் பழுப்பு பாட்டரியிலிருந்து நேராகவும், வெள்ளை சாவி வழியாகவும், பச்சை அதன்பின் ஃபியூஸ் வழியாகவும் வருபவை. குறைந்தது முனைகளிலாவது நிற உறை மாட்டுங்கள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் உள்ள 35 ஆம்பியர் என்பது எரிந்துபோகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் அளவே. ஆகவே 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும், கடையில் கிடைக்கும் சாதாரண ஃபியூஸை அங்கே போட வேண்டாம்.