கொலுசு, காபித்தூள், ஜவ்வரிசி, தண்ணீர்: எது தனி, எது கலவை?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் 150 கிராம் வெள்ளிக் கொலுசு எடுத்தேன். பில்லில் ‘வெள்ளி’ என்று மட்டும் இருக்கிறது. ‘80 டச்’ என்று கடைக்காரர் வாயால்தான் சொன்னார். காந்தம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா? (வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: 80 டச் என்றால் நூறு பங்கில் 80 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. செம்பு சேர்ப்பதே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். தனி வெள்ளி மிகவும் மெத்தென்று இருக்கும். தினமும் காலில் கிடக்கும் கொலுசின் கண்ணிகள் அதில் நிற்காது. வாங்கும்போது 150 கிராமுக்கும் வெள்ளி விலை போட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது 120 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால், அதுதான் ஏமாற்று.

காந்தம் இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றை மட்டும் பிடித்துக் கொடுக்கும். செம்பு, பித்தளை, ஈயம், துத்தநாகம் எதுவும் அதில் ஒட்டாது. திருகாணியில் மட்டும் ஒட்டினால் உள்ளே இரும்பு ஆணி இருக்கிறது என்று அர்த்தம். அந்த எடைக்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். கொலுசைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு பாதி தண்ணீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கொலுசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது காட்டுவது கொலுசு விலக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 150 கிராம் கொலுசுக்குத் தராசு 14.48 கிராம் காட்டினால் அடர்த்தி சுமார் 10.36, அதாவது 92.5 டச். 14.79 வந்தால் 80 டச். 15.03 என்றால் 70தான். கண்ணிக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழி கணக்கைக் கெடுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கொலுசை ஆட்டிவிட்டுப் பாருங்கள். உள்ளே பொள்ளலான மணி, கல், எனாமல் வைத்த கொலுசுக்கு இந்தச் சோதனை உதவாது. ஈயம் வெள்ளியைவிடக் கனமானது என்பதால், அது கலந்திருந்தால் அடர்த்தி நல்லதாகவே வரும். ஆக, அடர்த்தி குறைந்தால் சந்தேகப்படலாம். சரியாக வந்ததை வைத்து நல்ல வெள்ளி என்று முடிவுகட்ட முடியாது.

கடையில் உரைகல்லிலோ எக்ஸ்ரே கருவியிலோ பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். செம்பு கலந்த வெள்ளியைக் காய்ச்சி அமிலத்தில் போட்டால் மேலே இருக்கும் செம்பு கரைந்து, வெள்ளி மிகுந்த வெள்ளைத் தோல் நிற்கும். அதைப் பார்த்தால் 70 டச்சும் 80 போலத் தெரியும். பழைய கொலுசை மாற்றும்போது உருக்கி, கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். பற்றவைப்புப் பொடி குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால் அதில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும். அதனால் பற்று அதிகமுள்ள கொலுசு, உருக்கியபின் சொன்ன டச்சைவிடக் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு, ஐந்தாறு டச் இறங்கினால் கேள்வி கேளுங்கள்.

(தூய பொருள் ஒரே வெப்பநிலையில் உருகும், கலவை படிப்படியாக உருகும் என்று பள்ளியில் படித்திருப்போம். வெள்ளி 72, செம்பு 28 என்ற கலவை இந்த விதிக்கு டிமிக்கி கொடுக்கும். 962 டிகிரியில் உருகும் வெள்ளியும் 1,085 டிகிரியில் உருகும் செம்பும் அந்த அளவில் சேர்ந்தால் சுமார் 780 டிகிரியில் தூய உலோகம் போல ஒரேயடியாக உருகிவிடும்.)

அடுத்த முறை ஹால்மார்க் கேளுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்) வந்திருக்கிறது, விருப்ப முறையாகத்தான் தொடங்கினார்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஹால்மார்க் இல்லையென்றால் டச், எடை, செய்கூலி, திருப்பி எடுக்கும் டச் நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ‘சுத்தமான எஸ்டேட் காபி’ என்று வாங்கிய தூள் தண்ணீரில் மூழ்குகிறது. கலப்படமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: எவ்வளவு வேகமாக மூழ்குகிறது என்று பாருங்கள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் அரை ஸ்பூன் தூளைக் கலக்காமல் தூவுங்கள். காபித்தூளில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் மிதக்கும். சிக்கரி சில வினாடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். மிகவும் நைசாக அரைத்த காபியும் சற்று நேரத்தில் இறங்கும், ஆனால் அந்த நிறக்கோடு வராது. சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

சிக்கரி சேர்ப்பதற்குத் தடை இல்லை. காபி-சிக்கரி கலவை என்று விற்றால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டின் சதவீதமும் லேபிளில் இருக்க வேண்டும். உங்களுக்கு விற்றது ‘சுத்தம்’ என்பதால், ஒரு சிட்டிகை சிக்கரி இருந்தாலும் அது தவறுதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைவது காபி. சிக்கரி பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறது. அரைக்கும் கடையில் கொட்டையை முதலில் நிறுத்து, சிக்கரியைத் தனியே நிறுக்கச் சொன்னால் வம்பே இல்லை. 200 கிராமில் 20 சதவீதம் வேண்டுமானால் 160 காபி, 40 சிக்கரி. வறுத்த புளியங்கொட்டைத் தூள் கலப்பதுதான் உண்மையான மோசடி, அதற்கு எந்த லேபிளும் பாதுகாப்பு தராது. புகாருக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை, இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் நல்ல ஜவ்வரிசியா? வேகவைத்தால் கரைந்துபோகிறதே? (ஆத்தூர்)

பதில்: மரவள்ளி மாவின் சொந்த நிறம் மங்கல் வெள்ளை. கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தால் வெளுக்க ஏதோ சேர்த்திருக்கலாம். கரைவதை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. மாவு ஜவ்வரிசி கொழகொழத்துப் போகும், நைலான் ஜவ்வரிசி முத்து முத்தாக நிற்கும். மக்காச்சோள மாவு கலந்ததா என்று அயோடின் சொட்டுவிட்டுப் பார்ப்பது வீண், இரண்டு மாவுமே நீலமாகும். வேகவைத்த கஞ்சியைப் பாருங்கள்: மரவள்ளிக் கஞ்சி ஆறினாலும் கண்ணாடி போல இருக்கும், மக்காச்சோளம் கலந்தது வெளிறி மங்கும். உறுதி வேண்டுமானால் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் மாவுத் துகளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது.

கேள்வி: தூய நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்கிறது பாடப் புத்தகம். ஏற்காட்டில் எங்கள் வெப்பமானி 95 காட்டுகிறது. தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கிறதா?

பதில்: இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தூய நீரும் அங்கே 95 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். உப்பு கலந்தால் கொதிநிலை ஏறும், இறங்காது. அதுவும் லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு 0.2 டிகிரிகூட ஏறாது. உங்கள் வெப்பமானிக்கு அது தெரியாது.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? ஏ.சி.யில் வடியும் தண்ணீர்? (சூரமங்கலம்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைந்திருக்கும், அற்றுப்போயிருக்காது. கேன் தண்ணீரில் தாது உப்பை மறுபடி சேர்ப்பதும் உண்டு. குளோரைடு ஈயத் தகட்டை அரிக்கும், இரும்பு இருந்தால் சும்மா வைத்த பேட்டரியும் சார்ஜ் இறங்கும். ஏ.சி. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் காயிலின் தூசியும் உலோகத் துணுக்கும் சேர்ந்து வரும். காய்ச்சி வடித்த நீரை வாங்கி, டி.டி.எஸ். பேனாவை வைத்துப் பாருங்கள்; 5க்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பேனா மின்சாரம் கடத்தும் உப்புகளை மட்டுமே அறியும், சர்க்கரை கரைந்திருந்தால் காட்டாது. தகடு மூழ்கி, மிதவைக் குறிக்குள் நிற்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். அதற்கு மேல் போனால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழியும்.