தலைவர்கள் மேல் நம்பிக்கை போன பிறகும் ‘இந்தியா எனது நாடு’ என்று பிள்ளைகள் சொல்ல வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: மகன் பள்ளியில் கையை நீட்டி உறுதிமொழி சொல்கிறான், வீட்டில் செய்தி பார்த்தாலே அரசியல்வாதிகள் மேல் வெறுப்பாக வருகிறது, இப்படி இருக்கும்போது அவனை அதைச் சொல்ல வைப்பது பொய் சொல்லப் பழக்குவது மாதிரி ஆகாதா? எனக்கும் சமீபத்தில் இதே குழப்பம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வருகிறது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் பத்து நிமிடம் வருவதை வாளியில் பிடித்துக் கீழேதான் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருவதும் லேசான மஞ்சள் நிறம், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் குமட்டும். இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. வார்டு கவுன்சிலரை மூன்று முறை பார்த்தோம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையே கொண்டுபோய் மேசையில் வைத்து மனு கொடுத்தேன். ரசீது கிடைத்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. கடைசியில் தண்ணீர் வருவதை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அன்று சாயங்காலமே ஊரில் உள்ள கட்சிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். வயதில் பெரியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, வெளியூர்க்காரன் பார்த்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பான்? ஊர் மேல பற்று இருக்கிறவன் இப்படிப் போடுவானா?" என்றார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்து அறையில் என் மகள் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லிக்கொடுக்க வேண்டிய முறை என்பதால் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சின்ன வயதில் எத்தனையோ முறை சொன்ன அதே வரிகள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒவ்வொரு வரியாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

நீங்களும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள் என்று தொடங்குகிறது. நாட்டை நேசிக்கிறேன், அதன் பழம்பெருமைக்காகவும் பன்முக மரபுக்காகவும் பெருமிதம் அடைகிறேன், பெற்றோர் ஆசிரியர் மூத்தோரை மதிப்பேன் என்று போகிறது. முடிவில் "என் நாட்டிற்கும் என் மக்களுக்கும் உழைத்திட முனைந்து நிற்பேன். அவர்கள் நலமும் வளமும் பெறுவதிலேதான் என்றும் மகிழ்ச்சி காண்பேன்." இதில் எங்கேயாவது அரசு என்ற சொல் வருகிறதா? தலைவர், ஆட்சி, கட்சி, பிரதமர், முதல்வர், எதுவும் கிடையாது. கொடி கூட இல்லை. பிள்ளை வாக்குக் கொடுப்பது நாட்டுக்கும் அதில் இருக்கிற மக்களுக்கும்தான்.

இதை எழுதியவர் பெயர் நிறைய பேருக்குத் தெரியாது. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா மாவட்டத்துக்காரர். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக வேலை பார்த்தபோது, 1962-ல், தெலுங்கில் எழுதினார். சீனப் போர் நடந்த வருடம் அது. அவர் எழுதியதை தென்னேட்டி விஸ்வநாதம் என்ற அரசியல் தலைவர் அப்போதைய ஆந்திரக் கல்வி அமைச்சரிடம் கொண்டுபோனார். அடுத்த வருடம் விசாகப்பட்டினத்துப் பள்ளிகளில் சொல்லத் தொடங்கினார்கள், 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுவதும் பரவியது. தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளில் பாடநூல்களின் முதல் பக்கங்களில் அது அச்சாகிக்கொண்டே இருந்தது, எழுதியவர் பெயர் மட்டும் பல காலம் அச்சாகவில்லை. கருவூலத்தில் உட்கார்ந்து பில்லும் சம்பளப் பட்டியலும் பார்த்த ஒரு மனிதர், போர்ச் சூழலில் கூட எதிரியைத் திட்டாமல், ஆட்சியில் இருப்பவர்களைப் புகழாமல், மக்களின் நலமும் வளமும் என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே 1962-ல் ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தேசத்துரோகச் சட்டப் பிரிவை நீதிமன்றம் நீக்கவில்லை, ஆனால் ஒரு வரம்பு போட்டது: அரசின் செயல்களை எவ்வளவு கடுமையான சொற்களால் கண்டித்தாலும், வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டாத வரை அது குற்றமாகாது. அதாவது அரசாங்கம் வேறு, அதை அந்த நேரத்தில் நடத்துகிற ஆட்கள் வேறு. எங்கள் ஊர் அண்ணனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

சரி, தலைவர்கள் என்ன உறுதி எடுக்கிறார்கள்? அமைச்சராகப் பதவி ஏற்கும்போது அரசியலமைப்பின் மேல் உண்மையான நம்பிக்கை வைப்பேன், அச்சமோ சார்போ விருப்பு வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் அரசியலமைப்பின்படியும் சட்டப்படியும் நியாயம் செய்வேன் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்வதைவிட அவர்கள் சொல்வது கனமான வாக்கு. ஆனால் பிள்ளை சொல்லும்போது கை கொஞ்சம் தாழ்ந்தால் கூட ஆசிரியர் கவனிக்கிறார். அவர்கள் தவறும்போது கவனிக்க வேண்டிய ஆள் நாம்தான், ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் கவனித்தால் போதாது.

இந்த விசுவாச உறுதிமொழிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1963-ல் வந்த அரசியலமைப்பின் 16-வது திருத்தம், தேர்தலில் நிற்பவர்களே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதி எடுக்க வேண்டும் என்றது. திராவிட நாடு கேட்ட தி.மு.க.வை மனதில் வைத்துதான் அது வந்தது என்பது அன்று எல்லாருக்கும் தெரியும். அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார், கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது, 1967-ல் ஆட்சிக்கே வந்தது. இலங்கையில் கதை வேறு. 1983 ஜூலைப் படுகொலை நடந்து சில நாட்களிலேயே ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். வீடு எரிந்து அகதி முகாமில் உட்கார்ந்திருந்த மக்களின் பிரதிநிதிகளிடம் போய் முதலில் உன் விசுவாசத்தைக் காட்டு என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? அந்தச் சத்தியத்தால் நாடு ஒன்றுபடவில்லை, பேச்சுவார்த்தைக்கு இருந்த வாசல்தான் அடைபட்டது. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைச் சோதிக்கக் கேட்கிற உறுதிமொழி என்றால் எனக்கும் உங்கள் அளவுக்கு எரிச்சல் வரும்.

பள்ளிப் பிள்ளை சொல்கிற இந்த உறுதிமொழி அந்த வகையில் சேராது என்பதுதான் என் எண்ணம். அதனால் உங்கள் மகனை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒப்பிக்க மட்டும் விடாமல் ஒரு நாள் உட்காரவைத்து, "என் மக்கள் என்றால் யார் யார்?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். மகள் யோசித்து, அம்மாச்சி, தோழிகள், டீச்சர் என்று சொல்லிக்கொண்டே வந்து, அப்புறம் கோடி வீட்டுத் தம்பி என்றாள். வயிற்றுப்போக்கில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பையன் அவன். அவன் நலமாக இருந்தால்தான் எனக்கு மகிழ்ச்சி என்று அவள் கையை நீட்டிச் சொல்கிறாள் என்றால், அந்தத் தண்ணீரை வீடியோ எடுத்துப் போட்ட நானும் அதே வரியைத்தான் செய்திருக்கிறேன்.

அண்ணனுக்கு மறுநாள் நேரில் போய் அமைதியாக இதைச் சொன்னேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டார். தெருவில் மொத்தம் 32 வீடு, 27 கையெழுத்து ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் பாட்டிலோடு போகிறோம்.