மழைக்கு முன்னால் மாடியில் பெயிண்ட் அடித்தால் போதுமா?

"மதுரையில் 30 வருடப் பழைய வீடு. ஐப்பசி மழைக்கு முன்னால் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. தண்ணீர் போகிற வழியைப் பார்க்காமல் பெயிண்ட் அடித்தால் அது காசைக் கரைப்பதுதான். எனக்கு இது 42,000 ரூபாயும் ஒரு முழு மழைக்காலமும் கொடுத்துத் தெரிந்த விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தெற்குவாசல் பக்கம். முன்கட்டு தாத்தா காலத்துக் கட்டைக்குத்து மாடி, அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம். பின்கட்டு 1988இல் அப்பா போட்ட கான்கிரீட். அப்பா இருந்த வரைக்கும் புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கென்றே ஒதுக்குவார். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கும். ஆனால் மதுரைக்கு ஆவணி, புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை வந்துவிடும். அதனால் ஆயுத பூஜைக்கு வீடு கழுவுவதற்கு முன்பே மாடி கழுவியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. சருகு, புறா எச்சம், காற்றில் வந்த மண் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவார். அப்புறம் ஒரு குடம் தண்ணீரை மேற்கு மூலையில் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே தேங்குகிறதோ அங்கே கரித்துண்டால் ஒரு வட்டம் போடுவார். சின்ன வயதில் அந்தக் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

2019இல் அப்பா போனார். அடுத்த இரண்டு வருடம் யாரும் மாடிக்கு ஏறவில்லை. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அம்மாவுக்கு முழங்கால் வலி. 2021 ஆவணியில் பின்கட்டு ரூமில், அம்மா கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. ஒரு வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் மாடியில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் "சார் இல்லையா மேடம்? சார்ட்ட பேசிக்கிறேனே" என்றார். இரண்டு கோட் கெமிக்கல் அடித்து, மாடித் தண்ணீர் கீழே இறங்கும் குழாய் வாயைச் சுற்றிப் புதுசாகச் சிமெண்டு பூசி, ஐந்து வருடம் கவலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அடைமழை. கார்த்திகை பிறப்பதற்குள் திட்டு தாம்பாளம் அகலத்துக்குப் பரவிவிட்டது. ராத்திரி கட்டிலில் வாளி, பக்கத்தில் தரையில் பாய் போட்டு அம்மா. போன் செய்தால் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு "பழைய வீடு, இடிச்சுத் தள்ளிட்டு ஃப்ளாட் வாங்கு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருடம் ஆடியிலேயே, அப்பாவோடு வேலை பார்த்த பழைய கொத்தனாரைத் தேடிப் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர். மாடிக்கு வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

"என்ன ஐயா பூசலாம்?"

"எதுவும் பூச வேணாம் தாயி. ஒரு குடம் தண்ணி கொண்டா."

அப்பா ஊற்றிய அதே மூலையில் ஊற்றினார். தண்ணீர் நேராகக் குழாய் வாய் வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. புதுசாகப் பூசிய சிமெண்டு, வாயைச் சுற்றிப் பெருவிரல் தடிமனுக்கு வரப்பு மாதிரி எழும்பி இருந்தது. தண்ணீர் அதை ஏறிக் குழாய்க்குள் விழ முடியாமல் பக்கவாட்டில் பரவி, கைப்பிடிச்சுவர் அடிக்குப் போனது. அங்கே சுவரும் தளமும் சேருகிற இடத்தில் நான்கு இலையோடு ஒரு அரசங்கன்று. காக்காய் எச்சத்தில் முளைத்திருக்கும். நான் அதை இரண்டு தடவை கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறேன். நறுக்கினால் அது சாகாது, வேர்தான் தடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொத்தனார் உளியால் பூச்சைக் கொத்திக்கொண்டே போனார். வேர் வெளியே சுண்டுவிரல் தடிமன். உள்ளே செங்கல் சந்தில் பட்டையாக அமுங்கி, நாடா மாதிரி இரண்டு அடி ஓடியிருந்தது. நுனி வரைக்கும் உருவி எடுத்துக் காட்டினார். அந்த நாடா போன பாதைதான் தண்ணீர் போன பாதை. அதன் கீழேதான் அம்மா கட்டில்.

வரப்பை உடைத்து வாயைத் தாழ்த்தி, வேர் போன சந்தில் சிமெண்டுப்பால் விட்டு, சுவரும் தளமும் சேரும் மூலை முழுக்கச் சரிவாகப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற வைத்தார். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ரூமில் ஒரு சொட்டு விழவில்லை.

பெயிண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியாக இருந்து, விரிசல் அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால் அதற்குப் பலன் உண்டு. ஈரத்தின் மேல் அடித்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். நான் சிவில் இன்ஜினியரும் இல்லை. என் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் வீடு 30 வருடம் என்றால் கான்கிரீட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். முதலில் குடம் தண்ணீரோடு மாடிக்குப் போங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். சந்தேகம் இருந்தால் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுக் கீழே கூரையைப் பாருங்கள். கம்பி தெரிகிற அளவுக்குக் காரை பெயர்ந்த தளமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். கட்டைக்குத்து மாடியில் செய்யவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் 230 கிலோவுக்கு மேல் எடை. பழைய மரம் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த மாதிரி மாடிக்கு ஒரு குடம் போதும். கூடவே, கட்டை சுவருக்குள் போகிற முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதிக் காரையைத் தள்ளிவிடும். பழுப்பாக ஒரு கோடு தெரியும்போதே கொத்திச் சுத்தம் செய்து பூசிவிட்டால் செலவு குறைவு. மீட்டர் போர்டு இருக்கிற சுவரில் ஈரம் இருந்தால் வேறு எதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், கொசுவுக்கு ஒரு வாரம் நின்ற தண்ணீர் போதும்.

மழைநீர் சேகரிப்புக் குழியை மறந்துவிடாதீர்கள். 2003இல் சட்டம் வந்தபோது எல்லா வீட்டிலும் தோண்டினோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? எங்கள் குழியில் சரளை தெரியவே இல்லை, மேலே ஒரு அடி சேறு. அள்ளிக் கழுவிப் போட்ட பிறகுதான் தண்ணீர் இறங்குகிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர் வரும். அது குழிக்குள் போகாவிட்டால் உங்கள் அஸ்திவாரத்து ஓரத்தில்தான் நிற்கும்.

இவ்வளவு செய்தும் 2024 அக்டோபர் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த மழை. அவர்களுடைய கஷ்டத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமில்லை, கணுக்கால் அளவுதான். ஆனால் மேலேயிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை, எல்லாம் வாசல் வழியாக வந்தது. நான் பிறந்தபோது எங்கள் வாசலில் மூன்று படி. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டது. கடைசியாகப் போட்டபோது நானே வெளியே நின்று, "சுரண்டிவிட்டுப் போடுங்கண்ணே, வீடு பள்ளமாயிரும்" என்று கேட்டேன். மேஸ்திரி, "எங்களுக்குச் சொன்ன வேலை இதுதாம்மா" என்றார். மனு கொடுத்தேன், ரசீது பத்திரமாக வைத்திருக்கிறேன். மாடி என் கையில் இருந்தது, சரிசெய்துவிட்டேன். ரோட்டை நான் என்ன செய்ய?

கடைசியில் வாசல்படிக்குக் குறுக்கே ஒரு அடி உயரத்துக்குக் கட்டு கட்டியிருக்கிறோம். அம்மாவால் அதைத் தாண்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது நான் வெளியே இறங்கி நின்று, இரண்டு கையையும் பிடித்துத்தான் தாண்ட வைக்கிறேன்.