ஆஸ்பிரின் 75 எடுக்கும் அப்பாவுக்கு மீன், கீரை ஆகுமா?

தம்பி, மண்டபத்தில் கடலுக்குப் போகிற அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, தினம் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறார், யாரோ சொன்னதால் கீரையை நிறுத்திவிட்டோம், மீனும் ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள்.

மருந்துச் சீட்டை ஒருமுறை பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் இல்லையென்றால் கீரையைத் தாராளமாகக் கொடுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைகளைத்தான் பாதிக்கும். ஆஸ்பிரின், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் மருந்து. அதன் வழியே வேறு.

சூடை, நெத்திலி எல்லாம் குழம்பாக வைத்துக் கொடுங்கள், நல்லதுதான். கருவாட்டை மட்டும் குறையுங்கள், உப்பு இதயத்துக்கு ஆகாது. சமையலில் பூண்டு, இஞ்சி போடலாம். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் கேப்சூல் என்றால் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். விடியுமுன் வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு மாத்திரை போடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சரியென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். மேற்பூச்சு உள்ள மாத்திரையைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். வலை இழுத்த வலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. குடலில் ரத்தம் கசியும், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் பலனையே கெடுக்கும். சாராயமும் அப்படியே வயிற்றைப் புண்ணாக்கும்.

மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.