ஒளி நுண்ணோக்கி எப்படி வேலை செய்கிறது? 2000 மடங்கு காட்டும் என்று விற்பதை நம்பலாமா?

பெரிதாக்கும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஸ்லைடுக்கு அருகிலுள்ள பொருளருகு லென்ஸ், குழாய்க்குள் தலைகீழான பெரிய பிம்பத்தை உண்டாக்கும். அதைக் கண்ணருகு லென்ஸ் மறுபடியும் பெரிதாக்கும். 40 மடங்கு லென்ஸும் 10 மடங்கு லென்ஸும் சேர்ந்தால் 400 மடங்கு. ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடுவது அந்தத் தலைகீழ் பிம்பத்தால்தான்.

ஸ்லைடை வைக்க மேடை, குவியப்படுத்தப் பெரிய திருகு, சின்னத் திருகு. இவை பார்த்தாலே புரியும். பலர் கண்டுகொள்ளாமல் விடுவது மேடைக்கு அடியில் இருக்கும் கண்டென்சரை. விளக்கொளியைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்புவது இதுதான். இதன் டயஃபிரத்தை, அதாவது ஒளி வரும் துளையைச் சிறிதும் பெரிதுமாக்கும் திரையை, முழுக்கத் திறந்தால் நிறமில்லாத செல்கள் அநேகமாகக் கண்ணில் படாது. கொஞ்சம் மூடுங்கள், விளிம்புகள் எழுந்து நிற்கும். ரொம்ப மூடினால் நுணுக்கம் போய்விடும்.

சரி, 2000 மடங்கு? நம்பாதீர்கள். ஒளி ஓர் அலை என்பதால் ஓர் எல்லை உண்டு என்று 1873-ல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். சுமார் 0.2 மைக்ரோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள், சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒன்றாகவே தெரியும். 100 மடங்கு பொருளருகு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் விடுவது இந்த எல்லையை எட்டத்தான். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும்போது விலகிப்போகும் கதிர்களை, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் எண்ணெய் லென்ஸுக்குள் கொண்டுசேர்க்கிறது. அப்படியும் ஏறக்குறைய 1400 மடங்குக்கு மேல் மங்கல்தான் பெரிதாகும். வாங்கும்போது லென்ஸில் மடங்குக்கு அடுத்துப் பொறித்திருக்கும் 0.65, 1.25 போன்ற எண்ணைப் பாருங்கள். நுணுக்கத்தைச் சொல்வது அதுதான்.