குலுக்கலில் உப்புநீர் விழுந்தால்?

கேள்வி: எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். தலைப்பிரசவம், இப்போது 31 வாரம். எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 9.2. திருவனந்தபுரத்தில் நான் காட்டும் ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போடும் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு வெறும் உப்புநீராம். படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கிறது. சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்கிறார் மாமி. கையெழுத்துப் போடலாமா?

பதில்: உப்புநீர் விழுந்துவிட்டால் ரத்தம் போகிறபோது கைவிட்டுவிடுவார்களோ என்பதுதானே உங்கள் பயம்? முறையாக நடக்கும் ஆய்வில் அதற்கு இடமில்லை. குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்குவதற்காக எல்லாத் தாய்மாருக்கும் போடுகிற ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் இரு பிரிவினருக்கும் உண்டு. ஆய்வு ஊசி அதற்கு மேல் கூடுதலாகப் போடுவது. ரத்தப்போக்கு வந்துவிட்டால் நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் உட்பட முழுச் சிகிச்சையும் தர வேண்டும். தகவல் தாளில் இது தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர வேண்டாம்.

நல்ல மருந்து என்றால் எல்லாருக்கும் போட்டுவிட வேண்டியதுதானே என்று மாமி கேட்கலாம். 2017இல் வெளியான 'உமன்' ஆய்வில், ரத்தப்போக்கு வந்த 20,060 பெண்களிடம் இந்த ஊசி சோதிக்கப்பட்டது. 3 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைந்தார்கள். வந்த பிறகு காப்பாற்றும் மருந்து, வருமுன் தடுக்கவும் செய்யும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுந்தது. 2023இல் 'உமன்-2' வந்தது. உங்களைப் போல எச்.பி. 10க்குக் கீழ் இருந்த 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்ததில், ஊசி போட்டவர்களில் 7.0 சதவீதத்தினருக்கும் உப்புநீர் போட்டவர்களில் 6.6 சதவீதத்தினருக்கும் ரத்தப்போக்கு வந்தது. தடுக்கவில்லை. குலுக்கல் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

அதனால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: 'உமன்-2' முடிவு வந்த பிறகும் இந்த ஆய்வு எதற்கு? ஊசி போடும் நேரமா, அளவா, தசையில் போடுவதா, எது வேறு? விஷயம் தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மழுப்பினால் யோசியுங்கள். முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தாலும், வலிப்பு இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

மலையாளம் பேசத் தெரியும் என்பதற்காக மலையாளப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் தருவது அவர்கள் கடமை. தமிழ்த் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவெண் இருக்கும். அந்த இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் தாளில் இருக்க வேண்டும். படிவத்தில் ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருந்தால் மாமி பதற வேண்டாம். அரசு வகுத்த மாதிரிப் படிவத்திலேயே உள்ள கட்டங்கள் அவை. நாமினியைக் கேட்பது இழப்பீட்டுக்காக. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். தாய் ஆய்வில் சேர்ந்ததால் வயிற்றுக் குழந்தைக்கு வரும் பாதிப்பும் அதில் அடங்கும். கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், கணவர் போட்டால் போதாது. ஒரு நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் கவனிப்பு குறையாது. வலி எடுத்துக் கிடக்கும்போது படிவத்தை நீட்டினால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாரால் வாசிக்க முடியும்?

எங்களைக் கேட்டால், எந்தப் பிரிவு விழுகிறது என்பதைவிடப் பிரசவ அறையில் ரத்தத்தை அளக்கிறார்களா என்பது முக்கியம். கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். இடுப்புக்கு அடியில் விரிக்கும், அளவுக்கோடு போட்ட பை இருந்தால் 500 மில்லியைத் தொட்டதுமே தெரியும். 'இ-மோட்டிவ்' ஆய்வில் ஆப்பிரிக்காவின் 80 ஆஸ்பத்திரிகளில் இப்படி அளந்து, கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஊசிகள், டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்று பலிக்கிறதா என்று காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவை, மரணம் மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் 9.2ஐ இப்போதே ஏற்றுங்கள். ரத்தசோகை இருந்தால் கொஞ்சம் ரத்தம் போனாலே உடம்பு தாங்காது. 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. ஒரு மாதத்தில் எச்.பி. 1 கிராமாவது ஏறவில்லை என்றால், ஏன் ஏறவில்லை என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாமா என்றும் கேளுங்கள். 35 வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.